விஸ்காம் சேரலாமா? படித்தவன் சொல்கிறேன்

சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்) முடித்தேன், பெயர் வேண்டாம். மூன்று வருடப் படிப்பில் முதல் வருடம் முழுக்க ஓவியமும் தொடர்பியல் கோட்பாடும்தான். உடனே கேமரா கிடைக்கும் என்று வந்தவர்கள் நொந்துபோனார்கள். அடுத்த வருடம் கேமரா வந்தது, ஆனால் மொத்த வகுப்புக்கும் இரண்டு மூன்றுதான், அதுவும் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் சாயங்கால வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய காட்சியையெல்லாம் மொட்டை வெயிலில் எடுத்துத் தொலைத்தோம். ட்ரைபாட் இருந்தால் அதில் கேமராவைப் பொருத்தும் பிளேட் இருக்காது. ஒலிப்பதிவு வகுப்பு மட்டும் அருமை. ஃபேனை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேட்கச் சொல்வார் சார், அப்போதுதான் காலியான அறைக்குள்ளேயே எவ்வளவு இரைச்சல் என்று புரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் அண்ணா எஃப்.எம். 90.4 ஒலிபரப்பாகிறது, அதுபோல சமுதாய வானொலி உள்ள வளாகமாகப் பாருங்கள், மைக் முன்னால் பேசிப் பழகலாம். வேலைக்குப் போன இடத்தில் யாரும் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, எங்கே என்றுதான் கேட்டார்கள். பிராஸ்பெக்டஸில் எல்லா ஸ்டுடியோவும் பளபளவென்றுதான் இருக்கும், அதனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன் சீனியர் யாரையாவது பிடித்து, கேமராவை ராத்திரிக்கு வெளியே கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.