பாப் ஸ்மியரா, எச்.பி.வி. பரிசோதனையா: ஒருமுறைதான் போவோம் என்றால் எதற்குப் போவது?

என் சித்தி தம்முடைய 45ஆம் வயதில் ஒரு மருத்துவ முகாமில், கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனை செய்துகொண்டார். சந்தேகத்துக்குரிய அணுக்கள் எவையும் இல்லை என்று முடிவு வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்துகொள்ளுமாறு அதே தாளின் அடியில் எழுதியும் கொடுத்திருந்தார்கள். மகளின் திருமணம், மாமியார் படுக்கையில் விழுந்தது, வீட்டுக் கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அந்த மூன்று ஆண்டு பதினொன்றாயிற்று. மாதவிடாய் நின்று வெகுநாளான பிறகு மீண்டும் இரத்தம் கண்டபோது அதையும் பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். மருத்துவரிடம் போனபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றாம் நிலையை எட்டியிருந்தது. அவர் மறைந்த பின் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பழைய தாள் என் கையில் கிடைத்தது.

சென்ற ஆண்டு, எனக்கு 43 வயதானபோது, நானும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள முடிவெடுத்தேன். மகப்பேறு மருத்துவர் என் முன் மூன்று வழிகளை வைத்தார்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் செய்யப்படும் வி.ஐ.ஏ., பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் உள்ள பாப் ஸ்மியர், இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இந்த நோயின் தொடக்கம் இன்று பலருக்கும் தெரிந்ததுதான். ஏறத்தாழ எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் எச்.பி.வி.யின் ஆபத்தான வகைகளே காரணம். அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 விழுக்காட்டு நோய்க்குப் பொறுப்பு. இந்தத் தொடர்பைக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தொற்று ஏற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அகன்றுவிடும். அகலாமல் தங்கிவிடும் சிலருக்கே அணுக்களில் மாற்றம் தோன்றும். அது புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தனர்.

வி.ஐ.ஏ. முறையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாகத் திட்டு தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பதே அந்த முறை. ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக மறுநாள் வர வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய ஆய்வில், 30 முதல் 59 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனையை ஒரே ஒருமுறை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அளித்ததில், புற்றுநோய் தோன்றுவது 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இது 2007இல் வெளியான முடிவு. மும்பையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் நடத்திய ஆய்விலும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. ஆனால் இது பார்க்கிறவரின் கண்ணையும் பயிற்சியையும் முழுக்க நம்பி நிற்கிற சோதனை. மேலும், வயது ஏறி மாதவிடாய் நின்ற பிறகு, மாற்றங்கள் தோன்றும் எல்லைக்கோடு கருப்பை வாயின் உட்பக்கமாக நகர்ந்துவிடுவதால், 50 வயதைக் கடந்தவர்களுக்கு இதைக் கொண்டு உறுதியாக எதையும் சொல்வது கடினம்.

பாப் ஸ்மியரின் பெருமை வேறு விதமானது. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த அணுக்களை உருப்பெருக்கியில் பார்த்து, புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிகிறதா என்று சொல்கிறார்கள். மேலை நாடுகளில் இந்த நோயின் இறப்பு வெகுவாக இறங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆனால் அங்கே அது எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பல நாடுகளில் வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வரும். குறித்த ஆண்டில் போகவில்லையென்றால் மறுபடியும் கடிதம் வரும். இந்த முறை தவறவிட்டதை அடுத்த முறை பிடித்துவிடுவார்கள். ஏனென்றால் ஒருமுறை செய்யும் பாப் ஸ்மியர் தவறவிடுவது சிறிய அளவன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட அலசலில், கவனிக்கத்தக்க முன்நிலை மாற்றம் உள்ள பெண்களில் பாப் ஸ்மியர் 53 விழுக்காட்டினரை மட்டுமே அடையாளம் கண்டது, எச்.பி.வி. பரிசோதனை 96 விழுக்காட்டினரைக் கண்டது. நல்ல ஆய்வகங்கள் உள்ள நாடுகளின் கணக்கு இது.

என் முடிவை நிர்ணயித்தது இந்த ஒரு புள்ளிதான் என்பதால் இதில் சற்று நேரம் நிற்கிறேன். விலை, வலி, நேரம் ஆகியவற்றை ஒப்பிடுவதற்கு முன், நம் வீட்டுப் பெண்கள் இந்தச் சோதனைக்கு எத்தனை முறை போவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மறைந்த சித்தியையும் சேர்த்து, என் குடும்பத்தில் ஐம்பதைக் கடந்த பெண்கள் எழுவர். வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் செய்துகொண்டவர் சித்தி மட்டுமே. ஒருமுறை செய்து நல்ல முடிவு வந்துவிட்டால் அத்துடன் அந்தக் கவலை முடிந்தது என்று எண்ணுவது நம் இயல்பு. எனவே எந்தச் சோதனை சிறந்தது என்பதைவிட, ஒரே ஒருமுறை செய்து, பிறகு பல ஆண்டுகள் திரும்பிப் பாராமல் விட்டாலும் நம்மைக் காக்கக்கூடிய சோதனை எது என்பதே சரியான கேள்வி.

இந்தக் கேள்விக்கு நேரான விடை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. இன்று தாராசிவ் என்று அழைக்கப்படும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்களை ஊர்வாரியாக நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எச்.பி.வி. பரிசோதனை, ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வி.ஐ.ஏ. என ஒரே ஒருமுறை செய்தார்கள். நான்காவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. எட்டு ஆண்டுத் தொடர்கண்காணிப்பில், சோதனை எதுவும் செய்யப்படாத பிரிவில் 64 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள், எச்.பி.வி. பிரிவில் 34 பேர். மற்ற இரண்டு பிரிவுகளிலும் குறிப்பிட்டுச் சொல்லும்படியான குறைவு தென்படவில்லை.

அதே ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கணக்கு இன்னொன்று. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று? எச்.பி.வி. பரிசோதனையில் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.7 பேர் என்ற அளவில் புற்றுநோய் தோன்றியது. பாப் ஸ்மியரில் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் அது 15.5; வி.ஐ.ஏ.யில் 16. சித்தியின் தாளை வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படித்தபோது, தாளில் எழுதப்படும் சொல் ஒன்றேயானாலும், எந்தச் சோதனைக்குப் பின் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் எடை நான்கு மடங்கு மாறுகிறது என்பது புரிந்தது. காரணமும் எளிது. பாப் ஸ்மியர் இன்றைக்கு மாறியிருக்கும் அணுக்களைத் தேடுகிறது, எச்.பி.வி. பரிசோதனையோ, மாற்றத்தைத் தோற்றுவிக்கும் வைரஸையே தேடுகிறது. வைரஸ் இல்லையென்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாற்றம் தோன்றும் வாய்ப்பே மிகக் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதன்மையான முறையாகப் பரிந்துரைத்து, 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்று சொல்வதன் அடிப்படையும் இதுவே. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று அந்த இடைவெளி சுருங்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் செய்துவந்த ஆஸ்திரேலியா, 2017 டிசம்பரில் அதைக் கைவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை என்று மாறியது. அங்கே 2022 ஜூலை முதல், விரும்பும் பெண்கள் மாதிரியைத் தாங்களே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். வைரஸைத் தேடுவதற்குக் கருப்பை வாயைக் கண்ணால் காண வேண்டிய தேவை இல்லாததால் இது இயலுகிறது. என் மாதிரியை மருத்துவரே எடுத்ததால் இந்த வழியைப் பற்றி அனுபவத்திலிருந்து சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் படுத்துக் காட்ட வேண்டுமே என்ற கூச்சத்துக்காகவே வராமல் இருக்கும் என் அத்தை போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை என்னால் உணர முடிகிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. எச்.பி.வி. பரிசோதனை தானாக மறையப்போகும் தொற்றையும் சேர்த்துக் காட்டிவிடும். அதனால்தான் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைப் பொதுவாகச் செய்வதில்லை. அந்த வயதில் தொற்று மிகுதி, அகலுவதும் மிகுதி. மேலே சொன்ன 2006ஆம் ஆண்டு அலசலிலேயே, நோயற்றவரை நோயற்றவர் என்று சரியாகச் சொல்வதில் பாப் ஸ்மியர் 96 விழுக்காடும் எச்.பி.வி. பரிசோதனை 91 விழுக்காடும் பெற்றன. வைரஸ் இருப்பதாக வந்தவருக்கு அடுத்த கட்டப் பரிசோதனை உண்டு. 16 அல்லது 18ஆம் வகை என்றால் பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கும் கருவியால் கருப்பை வாயை நுணுக்கமாகப் பார்க்கும் சோதனை. பிற வகைகள் என்றால் பாப் ஸ்மியர் அல்லது வி.ஐ.ஏ. செய்துபார்த்து முடிவெடுப்பார்கள். எனக்கு வைரஸ் இல்லை என்று வந்ததால் கால்போஸ்கோபி தேவைப்படவில்லை. அதைச் செய்துகொண்ட தோழி, வலியைவிட அதற்கு முந்தைய பத்து நாள் பயமே தன்னை வாட்டியது என்று சொன்னதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

அந்தப் பத்து நாளில் அவளை வாட்டியது நோயின் பயம் மட்டுமன்று. இது உடலுறவால் தொற்றுவது என்று தெரிந்ததும், கணவர் மீது இவளுக்கும், இவள் மீது மாமியாருக்கும் ஐயம் எழுந்தது. இது சொல்லப்பட வேண்டிய செய்தி: உடலுறவு வாழ்க்கையில் நுழைந்த ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் தொட்டுச் செல்கிறது, பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் உறங்கியிருந்து பின்னர் தென்படவும் கூடும். ஆகவே இன்று வந்த முடிவு நேற்றைய நடத்தைக்குச் சான்று ஆகாது. சோதனைக்கு அனுப்பும் முன்பே இதை விளக்குவது மருத்துவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து. பாப் ஸ்மியரில் இந்தச் சங்கடம் எழுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, எங்கள் ஊர்த் தனியார் ஆய்வகத்தில் எனக்குப் பாப் ஸ்மியருக்கு 700 ரூபாயும் எச்.பி.வி.க்கு 2,400 ரூபாயும் சொன்னார்கள். மும்மடங்குக்கு மேல் என்று முதலில் தயங்கினேன். ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. ஆனாலும் மொத்தமாக ஒருநாளில் எடுத்துக் கொடுக்க வேண்டிய தொகை என்பதால் எல்லோருக்கும் இது எளிதன்று. இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளும் வாய்ப்பையும் சொன்னார்கள், எச்.பி.வி. இல்லை என்று வந்தபின் பாப் ஸ்மியர் கூடுதலாகத் தரும் உறுதி சிறிதே என்பதால் அதை நான் ஏற்கவில்லை. மாதிரி எடுப்பது இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான்: மாதவிடாய் இல்லாத நாளில் போக வேண்டும், முந்தைய இரண்டு நாள் உடலுறவும் உள்வைக்கும் மருந்தும் தவிர்க்க வேண்டும், மேசையில் படுத்த பிறகு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பணம் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கத்தில் இருக்கிறது என்றால், அடுத்த வாரமே அங்கே போய் வி.ஐ.ஏ. செய்துகொள்வது, எச்.பி.வி.க்காகப் பணம் சேரட்டும் என்று இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதைவிட நூறு மடங்கு மேல். திண்டுக்கல்லில் காக்கப்பட்ட உயிர்கள் அந்தச் சோதனையால் காக்கப்பட்டவையே.

என் மகளுக்கு 12 வயது. அவளுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. புணேயின் சீரம் நிறுவனம் தயாரித்து 2023 தொடக்கத்தில் வெளிவந்த செர்வாவேக், 16, 18 ஆகிய வகைகளோடு மருக்களை உண்டாக்கும் 6, 11 ஆகியவற்றையும் தடுக்கிறது. 9 முதல் 14 வயது வரை இரண்டு ஊசி, அதற்கு மேல் மூன்று என்பது எங்கள் மருத்துவர் பின்பற்றிய கணக்கு. எஞ்சிய ஆபத்தான வகைகளுக்கு இந்த ஊசி பொறுப்பேற்காது என்பதால், அவளும் 30 வயதில் இந்தச் சோதனைக்குப் போக வேண்டியவளே. அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் அந்த ஆண்டையும், அதற்குக் கீழே என்னுடைய அடுத்த சோதனைக்கான ஆண்டையும் எழுதி, இருவர் கண்ணிலும் படும்படி சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.