"ஜீரோ ஹவர்" காட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்: பெரிய டிஸ்க் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

புது ஹார்ட் டிஸ்க் என்று சொல்லி, மூன்று வருடம் ராப்பகலாக ஓடிய டிஸ்க்கை எங்கள் தலையில் கட்டினார்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் அது ஓடிய நேரம் இரண்டே மணி என்று காட்டியது. அந்த இரண்டு மணியைக் காட்டித்தான் கடையில் சத்தியம் செய்கிறார்கள். 8 டிபி, 12 டிபி, 16 டிபி என்று பெரிய டிஸ்க் வாங்கப்போகிறவர்களும், வாங்கி இன்னும் ஃபைல் ஏற்றாமல் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

என் மச்சான் மதுரையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறான். இப்போதெல்லாம் 4கேயில் மூன்று கேமரா, ஒரு ட்ரோன் என்று எடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு அரை டெராபைட் சர்வசாதாரணம். பெண் வீட்டார் ஆல்பம் செலக்‌ஷன் முடிக்கவே மாதக்கணக்கில் இழுப்பார்கள். அதுவரை எதையும் அழிக்க முடியாது. அங்கே கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் தலையில். இரண்டாவது பேக்கப்புக்கு சீகேட் கம்பெனியின் எக்ஸோஸ் வரிசையில் 12 டிபி டிஸ்க் ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. விசாரித்த இடங்களில் எல்லாம் ஒரே மாதிரி விலை. ஒரு கடையில் மட்டும் கிட்டத்தட்ட ஐயாயிரம் குறைவு. கடைப் பெயர் இங்கே வேண்டாம். இந்த வியாபாரம் ஒரு கடையோடு நிற்கிற விஷயமும் இல்லை.

அட்டைப்பெட்டி கிடையாது, வெள்ளி நிற ஆன்டிஸ்டேடிக் கவர் மட்டும்தான். "டிரே பேக்ணே, டெல்லி சரக்கு, அதான் ரேட்டு கம்மி" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஏறும்ணே, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். வந்த பில்லில் "ஹார்ட் டிஸ்க் – 1" என்று மட்டும் இருந்தது. சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

புது டிஸ்க்கில் உடனே ஃபைல் ஏற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கவரைப் பிரித்ததும் முதலில் உடம்பைப் பார்ப்பேன். லேபிள் பளிச்சென்று இருந்தது. ஆனால் கேபிள் செருகும் சாட்டா இணைப்பில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளில் மெல்லிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கடையில் ஒரு தடவை செருகிச் சோதித்தால் இத்தனை கோடு விழாது. பக்கவாட்டில் இருக்கும் ஸ்க்ரூ துளைகளின் வாய், திருகு ஏறி இறங்கி வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. ஒரு மூலையில் லேசான நசுக்கல், அதையும் எதையோ வைத்துத் தேய்த்துச் சரிசெய்திருந்தார்கள்.

சரி, உள்ளே என்ன சொல்கிறது என்று மாட்டிப் பார்த்தேன். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் 9ஆம் எண் மொத்தம் ஓடிய மணிநேரம், 5ஆம் எண் கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்), 197ஆம் எண் சந்தேகத்தில் இருக்கும் செக்டார்கள். எல்லாம் சுத்தம். ஓடியது 2 மணி, கெட்ட செக்டார் பூஜ்யம். பெரும்பாலானவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் இந்த நீல நிற "குட்"டைப் பார்த்ததும் நிம்மதியாகி, ஃபைலை ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, இணையத்தில் பத்தில் ஒன்பது பேர் இதைப் பார்த்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு டிஸ்க்கின் உள்ளேயே, அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் வைத்திருக்கும் தனி இடத்தில்தான் இருக்கிறது. டேட்டா ரெகவரி வேலைக்கென்று இருக்கும் கருவிகள் கையில் இருந்தால் அதைத் துடைத்துப் பூஜ்யமாக்கிவிடலாம். செகண்ட்ஹேண்ட் காரில் கிலோமீட்டர் மீட்டரைப் பின்னால் சுற்றுகிற அதே வேலை.

சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு உண்டு. ஸ்மார்ட்டைத் துடைக்கிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து இதைப் படிக்க முடியும். ஒரு விஷயம்: யூஎஸ்பி டாக்கில் மாட்டினால் பல சமயம் ஃபார்ம் வராது. மதர்போர்டில் சாட்டா கேபிள் போட்டு நேராக மாட்டுங்கள். நான் அப்படித்தான் மாட்டினேன். ஸ்மார்ட்டில் 2 மணி ஓடியிருந்த டிஸ்க், ஃபார்மில் 27 ஆயிரத்துச் சொச்சம் மணி ஓடியிருந்தது. வருடத்துக்கு 8,760 மணிநேரம்; கணக்குப் போட்டால் மூன்று வருடத்துக்கும் மேலே, ஒரு நாள்கூட அணைக்காமல். ஏதோ சர்வர் ரூமில் கிடந்து உழைத்த டிஸ்க்.

அடுத்து சீகேட் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டேன். எக்ஸோஸ் வரிசைக்குக் கம்பெனி வாரண்டி பொதுவாக ஐந்து வருடம். இதற்கோ, வேறொரு கம்பெனியின் சிஸ்டத்தோடு சேர்த்து விற்ற உதிரிபாகம், வாங்கிய இடத்திலேயே கேளுங்கள் என்று வந்தது. அதாவது கம்பெனி வாரண்டி என்பதே இல்லை. கடையில் "மூணு வருஷ வாரண்டி" என்று சொன்னது அவர்களே ஒட்டிய குட்டி ஸ்டிக்கரை நம்பித்தான். இதில் டிஸ்க் தயாரித்த கம்பெனி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் ஒருவருக்கு நியாயமாக விற்ற பொருளை, நடுவில் யாரோ புதுசாக்கி நம்மிடம் தள்ளியிருக்கிறார்கள்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஹைஸே என்ற தொழில்நுட்ப ஊடகம் இதே மோசடியை வெளிக்கொண்டுவந்தது. புதுசு என்று விற்ற சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்மைப் படித்தால் 15 ஆயிரம் முதல் 50 ஆயிரம் மணிநேரம் வரை ஓடியிருந்தன. பெயர்பெற்ற கடைகளிலேயே இது நடந்தது. சீனாவில் சியா என்ற கிரிப்டோ காசுக்காக வாங்கிக் குவித்த டிஸ்க்குகள் இவை என்று சந்தேகம். 2021இல் வந்த அந்தக் காசைத் தோண்ட டிஸ்க் இடம்தான் மூலதனம். அப்போது பெரிய டிஸ்க் கிடைப்பதே அரிதாக இருந்தது. காசின் விலை விழுந்ததும் டிஸ்க்குகள் சந்தைக்கு வந்துவிட்டன. அதே 2025இல் மலேசியாவில், கோலாலம்பூர் பக்கம் ஒரு கிடங்கில் நடந்த சோதனையில் இப்படி ஸ்மார்ட்டைத் துடைத்து லேபிள் மாற்றிய டிஸ்க்குகள் நூற்றுக்கணக்கில் சிக்கின. ஃபார்மையும் மாற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அதனால் ஃபார்ம் சரியாக இருந்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். உடம்பில் இருக்கும் கீறல், சீரியல் நம்பர், பில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா டிஸ்க்குகளில் இந்த ஃபார்ம் கிடையாது. அங்கே இந்த மூன்றுதான் வழி.

மறுநாள் கடைக்குப் போனோம். முதல் பதில், "ஜீரோ ஹவர் காட்டுதுல்லண்ணே, அப்புறம் என்ன?" ஃபார்ம் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். "இதெல்லாம் ஏதோ ஃப்ரீ சாஃப்ட்வேர், கம்பெனி சாஃப்ட்வேர் இல்ல" என்றார். சீகேட் தளத்தில் வந்த பதிலைக் காட்டியதும் உள்ளே இருந்து ஓனர் வந்தார். மாற்றித் தருகிறேன் என்று அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதன் ஸ்க்ரூ துளையும் அதே மாதிரி தேய்ந்திருந்தது. வேண்டாம், பணம் கொடுங்கள் என்றோம். "விற்ற பொருளுக்குப் பணம் வாபஸ் கிடையாது, வேற ஏதாவது எடுத்துக்கங்க" என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார். மச்சான் கத்தத் தொடங்கினான். அவனை வெளியே அனுப்பிவிட்டு, கடையில் நின்றபடியே 1915க்குப் போன் போட்டுத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். பில்லில் சீரியல் நம்பர் இருந்ததால் "நாங்க கொடுத்த டிஸ்க் இது இல்ல" என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இழுத்தடித்து, கடைசியில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். அந்த ஆயிரத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே இல்லை. சீசன் நேரம், மச்சானுக்குப் பொறுமை இல்லை.

இந்தியாவில் முறையாக இறக்குமதியாகி வரும் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில்லாமல் வரும் டிரே பேக்கில் இது எதுவும் இருக்காது. டிரே பேக்கே மோசடி என்று சொல்லவில்லை, பழைய டிஸ்க்கைப் பழையது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். புதுசு என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். புது டிஸ்க்கை ஒருமுறை முழுதாக எழுதிப் படித்துச் சோதிப்பதும் நல்லது. 12 டிபியை எழுதவே முக்கால் நாள் போகும், படிக்க இன்னும் அவ்வளவு. பரவாயில்லை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். கூடவே ஒன்று: 12 டிபி டிஸ்க் விண்டோஸில் 10.9 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது கம்பெனி ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுவதால் வரும் கணக்கு வித்தியாசம். 16 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இரண்டாயிரம் ரூபாய் என்று விளம்பரம் வந்தால் மட்டும் பயப்படுங்கள். அதற்குள் பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டுதான் இருக்கும்.

நாங்கள் திருப்பிக் கொடுத்த டிஸ்க்கை அந்தக் கடையில் குப்பையில் போட்டிருக்க மாட்டார்கள். மதுரைப் பக்கம் சமீபத்தில் பெட்டியில்லாமல் எக்ஸோஸ் 12 டிபி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், மூலையில் தேய்த்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைலை எல்லாம் முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அப்புறம் பில்லைத் தேடுங்கள்.