பேண்டாக் ஸ்கிரிப்டா, ஹ்யூகோவா?

வேலூர்க் கோட்டை, ஆற்காட்டு தில்லி வாயில், பாலாற்றங்கரைக் கோயில்கள் என வட ஆற்காட்டைப் பற்றி நான் சேர்த்த குறிப்புகள் சுமார் 40 மார்க்டவுன் கோப்புகளாக இருக்கின்றன. தலைப்புக்கு ஒரு குறி, சாய்வெழுத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற இந்தச் சுருக்கெழுத்து முறையை 2004இல் ஜான் குரூபர் ஒரு பெர்ல் ஸ்கிரிப்டுடன் வெளியிட்டார். கட்டளை வரியிலிருந்தே இவற்றை நிலையான வலைப்பக்கங்களாக மாற்ற எது ஏற்றது என்று பேண்டாக், ஹ்யூகோ ஆகிய இரண்டு வழிகளையும் செய்து பார்த்தேன்.

முதல் வழி, தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட, ஒரு வடிவக் கோப்பை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் பேண்டாக். பத்து வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) எழுதி, ஒவ்வொரு கோப்பையும் பேண்டாக்கிடம் கொடுத்து, ஒரே வார்ப்புருவில் (பக்கத்தின் பொதுச் சட்டகத்தில்) பொருத்தினால் வேலை முடிகிறது; அதே கோப்பு மின்னூலாகவும் வேர்டு ஆவணமாகவும் மாறும். தமிழுக்கு இதில் தனி ஆதாயம் ஒன்று உண்டு. பாடலின் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் அடிகள் உரைநடைபோல ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் அப்படியே நிற்கும். ஆனால் பத்திக்கும் பட்டியலுக்கும் இடையே வெற்று வரி விடாவிட்டால், பேண்டாக் அதைப் பட்டியலாகவே கருதாது.

இரண்டாவது வழி, கோப்புகளிலிருந்து முழு வலைத்தளத்தையும் கட்டித்தரும் ஹ்யூகோ. 2013இல் ஸ்டீவ் பிரான்சியா உருவாக்கிய இது ஒரே இயங்குகோப்பாக வருகிறது, மிக வேகமானது. அதன் வார்ப்புரு மொழியைக் கற்பதுதான் சுமை, பழைய தீம்கள் (ஆயத்தத் தோற்ற அமைப்புகள்) புதிய பதிப்பில் முரண்டு பிடிப்பதும் உண்டு. மார்க்டவுனுக்குள் நேரடியாக எழுதிய எச்.டி.எம்.எல். குறிகளை, அமைப்பை மாற்றாதவரை அது நீக்கிவிடும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஹ்யூகோவைப் போன்றதே, ரூபி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஜெக்கில், 2008 முதல் இருக்கிறது. ரூபியை நிறுவிப் பராமரிக்கப் பொறுமை உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

பேண்டாக், ஹ்யூகோ இரண்டிலும் ஒரு பொறி உண்டு. 1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்ச் சிப்பாய் எழுச்சியைப் பற்றிய பத்தியை, ஆண்டையும் ஒரு புள்ளியையும் இட்டுத் தொடங்கினால், அது எண்ணிட்ட பட்டியலாகிவிடும். குரூபரின் மூல ஸ்கிரிப்டிலோ 1806 என்பது 1 ஆகவே மாறிவிடும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இட்டால் தீரும்.

உண்மையான வேறுபாடு பக்கத்தை மாற்றுவதில் இல்லை, பக்கங்களை ஒன்றோடொன்று கோப்பதில் இருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் சென்றன. ஹ்யூகோவில் கோப்பின் தலைப்பகுதியில் மாவட்டத்தின் பெயரை மாற்றினால் போதும், மாவட்டவாரிப் பட்டியல்கள் தாமே திருந்தும். என் ஸ்கிரிப்டில் முகப்புப் பட்டியலைக் கையால் திருத்த வேண்டும், அல்லது கோப்புகளைத் துழாவிப் பட்டியலிட இன்னும் முப்பது வரி எழுத வேண்டும். அப்படி எழுதத் தொடங்கினால் அரைகுறை ஹ்யூகோ ஒன்றைத்தான் கட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே தனித்தனியே நிற்கும் கட்டுரைகளுக்கு ஸ்கிரிப்டையும், வகைப்பாடு தேவைப்படும் ஊர்க்குறிப்புகளுக்கு ஹ்யூகோவையும் வைத்துக்கொண்டேன். பாடல்கள் மிகுந்த சில ஊர்ப்பக்கங்களை மட்டும், ஹ்யூகோவின் பாதுகாப்பு அமைப்பில் அனுமதி கொடுத்து, அதன் வழியாகவே பேண்டாக்கிடம் அனுப்புகிறேன்.