வீட்டுப் பட்டறையில் உருவான ஒரு பேழையும் ஒரு பெட்டகமும்: மதிப்புரை

தம் வீட்டின் பின்கட்டையே பட்டறையாக்கிக்கொண்டு தனியாளாக வேலை செய்யும் ஒரு மரக் கைவினைஞரிடம் இரண்டு பொருள்களைச் சொல்லிச் செய்வித்தேன். ஒன்று, நகைகளும் சிறு நினைவுப்பொருள்களும் வைக்கும் மூடிபோட்ட பேழை. மற்றது, பழைய துணிமணிகளையும் கடிதங்களையும் பாதுகாப்பதற்கான, அடியில் ஓர் இழுப்பறை கொண்ட பெட்டகம். மரத்தில் செய்த எந்தப் பொருளும் வந்திறங்கிய அன்று அழகாகத்தான் இருக்கும் என்பதால், ஈரமான பருவமும் வறண்ட பருவமும் இரண்டின்மீதும் கடந்து செல்லட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன். பேழையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பெட்டகத்தின் மூடியைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது.

பேழை 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். உடல் தேக்கு, மூடியின் நடுப்பலகை ஈட்டி மரம். நான்கு மூலைகளும் கையால் அறுத்த புறாவால் இணைப்புகள். முனை நோக்கி விரிந்த பற்கள் மற்றப் பலகையின் பள்ளங்களில் செருகி நிற்பதால், பசை இற்றுப்போனாலும் அந்தத் திசையில் பலகை கழன்று வராது. கடினமரத்தில் எட்டுக்கு ஒன்று என்ற சாய்விலும் மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று என்ற சாய்விலும் இந்தப் பற்களை வெட்டுவது வழக்கம். இவர் தேக்கில் எட்டுக்கு ஒன்றையே பின்பற்றியிருக்கிறார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் மட்டும் மெல்லிய இடைவெளி தெரிந்தது. அவற்றை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காமல் அப்படியே விட்டிருப்பதை நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இணைப்புகளைவிட என்னைக் கவர்ந்தது ரேகையின், அதாவது மரத்தின் நார்க்கோடுகளின், ஓட்டம். ஒரே பலகையை வரிசையாகத் துண்டுபோட்டு நான்கு பக்கங்களையும் அமைத்தால், மூன்று மூலைகளில் ரேகை அறாமல் திரும்பும். பலகையின் தொடக்கமும் முடிவும் சந்திக்கும் நான்காவது மூலையில் மட்டும் அறுபட்டுவிடும். அந்த மூலையைப் பின்பக்கம் தள்ளி மறைப்பதே பலருடைய வழி. இவர் கனமான பலகையொன்றை அதன் தடிமனில் இரண்டாகப் பிளந்து, பிளவில் வெளிப்பட்ட இரு முகங்களையும் வெளிப்புறமாக வரும்படி வைத்திருக்கிறார். அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்களாக இருப்பதால் நான்கு மூலைகளிலும் ரேகை தொடர்கிறது. மூடிக்கும் உடலுக்கும் இடையிலும் அந்தத் தொடர்ச்சி கெடவில்லை. காரணம், இரண்டையும் தனித்தனியே செய்யாமல், முற்றிலும் மூடிய பெட்டியாக ஒட்டி முடித்த பிறகு சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரித்தெடுத்திருக்கிறார். இப்படி அறுக்கும்போது ரம்பத்தின் தடிமனும் அதற்குப் பின் இழைப்புளி சீவும் அளவும் சேர்ந்து சில மில்லிமீட்டர் மரம் போய்விடும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு, அறுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பல்லை மற்றவற்றைவிட அகலமாக வெட்டியிருக்க வேண்டும்; இல்லையென்றால் மூடியை ஒட்டிய பல் மட்டும் மெலிந்து தெரியும். இந்தப் பேழையில் எல்லாப் பற்களும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

அடிப்பலகையைப் பெட்டியில் ஆணியால் அடிக்கவில்லை, பசையாலும் ஒட்டவில்லை. நான்கு பக்கங்களின் உட்புறத்திலும் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து அதற்குள் பலகையைச் செருகி, விரிந்து சுருங்குவதற்கு இடம் விட்டிருக்கிறார். மூடியிலுள்ள ஈட்டிப் பலகையும் இப்படித்தான் நிற்கிறது; நார் முடியும் இரு விளிம்புகளின் நடுவில் மட்டும் ஒரு துளி பசை. மழை நாள்களில் அந்தப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள கோடு இறுகுவதையும், வறண்ட நாள்களில் ஒரு நூலளவு திறப்பதையும் கண்ணால் பார்க்க முடிகிறது. பெட்டி தளரவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. மூடி அடைகிற விதம் தனி இன்பம் தருவது. உட்புறத்தில் மெல்லிய உள்வரிப் பலகைகள் உடலின் விளிம்பைத் தாண்டிச் சற்றே உயர்ந்து நிற்க, கைவிட்ட மூடி உள்ளிருக்கும் காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு தானாக இறங்கி அமர்கிறது.

கீல்கள் அடர்த்தியான பித்தளை. பள்ளம் வெட்டிப் பதித்திருப்பதால் மேற்பரப்போடு சமமாக இருக்கின்றன. விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படவில்லை. பித்தளைத் திருகாணிகள் மென்மையானவை. கடினமரத்தில் நேரடியாகச் செலுத்தினால் தலை சிதையும் அல்லது கழுத்தில் முறியும். அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் செலுத்திக் கழற்றி, பிறகு மெழுகு தடவிய பித்தளையைச் செலுத்துவதே முறை. அப்படிச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை; சிதையாத தலைகளும் ஒரே திசை நோக்கி நிற்கும் அவற்றின் கோடுகளும் அதைச் சொல்லிவிடுகின்றன.

வெளிப்புறம் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் பல அடுக்காகத் தேய்த்து, மேலே மெழுகு பூசிய மெருகு. பாலியூரித்தேன் வார்னிஷைப்போல மரத்தின்மீது தனிப்படலமாகத் தோன்றாமல், ரேகைக்குள் வெளிச்சம் இறங்கித் திரும்புவதுபோன்ற ஆழத்தைத் தருகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: சூடான கோப்பையை வைத்தால் வெண்வளையம் விழும், ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவியம் சிந்தினால் மெருகு கரையும். ஆனால் வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்டித்தான் புதிதாகப் பூச வேண்டும். அரக்கிலோ பழைய அடுக்கைப் புதிய அடுக்கு சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், பழுதான இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். உட்புறத்திலும் அரக்கையே பூசியிருப்பது அறிந்து செய்த செயல். ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றை மூடிய பெட்டிக்குள் பூசினால், காற்றோட்டமில்லாமல் மெதுவாக உலர்ந்து நெடுநாள் நாற்றமடிக்கும். திறந்தவுடன் எண்ணெய் முடை வீசும் நகைப்பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பேழையில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. முதலாவது, உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் கம்பளி ஃபெல்ட். பார்க்க நன்றாக இருக்கிறது, கைக்கு இதமாகவும் இருக்கிறது. ஆனால் கம்பளியில் கந்தகம் உண்டு. அதிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்பவை. வெள்ளி வைக்கப்போகும் பெட்டிக்குச் சாயமேற்றாத பருத்தித் துணியே பொருத்தம். அதையும் ஒட்டாமல், மெல்லிய அட்டையில் சுற்றிச் செருகினால் அழுக்கானதும் எடுத்து மாற்றலாம். இரண்டாவது, மூடியின் ஓரத்தில் லேசரால் எரித்துப் பொறித்த பெயரெழுத்துகள். மூடியைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வெண்மரக் கோட்டைக் கையாலேயே பதித்து, மூலைகளில் மயிரிழை பிசகாமல் சேர்த்திருக்கிற ஒருவர், அதன் பக்கத்திலேயே இயந்திரம் சுட்ட பழுப்பெழுத்துகளை ஏன் வைக்க வேண்டும்? இது என் ரசனை என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்கலாம். பெயர் வேண்டாம் என்று முன்பே சொன்னால் அவர் விட்டுவிடுகிறார்.

இனிப் பெட்டகம். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். பெட்டகத்தை ஓக் மரத்தில் செய்யலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். எல்லா மரங்களும் ஓரளவு அமில ஆவியை வெளிவிடும் என்றாலும் ஓக்கில் அது மிகுதி. மூடிய இடத்தில் ஈய நாணயங்களையும் பதக்கங்களையும் அரிக்கும், சிப்பிகளின்மேல் வெண்பொடி பூக்கச் செய்யும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளும் நினைவுப்பொருள்கள்தானே. ஆகவே இதுவும் தேக்காயிற்று. கடிதங்களுக்குத் தேக்கும் முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதால், அவற்றை அமிலமற்ற காகித உறைகளில் இட்டுத்தான் உள்ளே வைத்திருக்கிறேன்.

பக்கங்களைச் சட்டமும் நடுப்பலகையுமாக அமைத்திருக்கிறார். முனையில் செதுக்கிய கழுந்தை, அதாவது நாக்குப்போன்ற பகுதியை, துளையில் செருகி மூட்டிய சட்டங்கள் அசையாமல் நிற்க, காடியில் மிதக்கும் பலகைகள் தங்கள் விருப்பப்படி விரிந்து சுருங்குகின்றன. இதுவரை குறையில்லை. ஆனால் மூடியில் இந்த அறிவு காணாமல் போயிருந்தது. மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரே தகடாக்கி, அது வளையாமல் இருக்க அடியில் இரண்டு குறுக்குக்கட்டைகளை நாருக்குக் குறுக்காக வைத்து, பசை தடவி, திருகாணியாலும் முடுக்கியிருந்தார். வறண்ட பருவம் பாதி கடந்தபோது மூடியின் ஒரு முனையிலிருந்து உள்நோக்கி ஒரு விரிசல் ஓடியது.

மரம் நாரின் நீளத்தில் ஏறக்குறைய அசைவதே இல்லை, அகலத்தில்தான் அசையும். பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை தேக்கு ஆரப் போக்கில் (அடிமரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி) சுமார் 2.5 சதவீதமும் வளையப் போக்கில் (வளர்ச்சி வளையங்களை ஒட்டி) சுமார் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. மரங்களில் இது குறைந்த அளவுதான். தேக்கு நிலைத்த மரம் என்ற பெயரைப் பெற்றதும் அதனால்தான். இருந்தும், மரத்தின் ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் நான்கு சதவீதப் புள்ளிகள் ஏறி இறங்கினால், அகலம் வளையப் போக்கில் அமைந்த 45 செ.மீ. மூடி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறையும். அடியில் குறுக்காக ஒட்டிய கட்டையோ தன் நீளத்தில் துளியும் சுருங்காது. ஒன்று சுருங்கத் துடிக்க, மற்றொன்று விடாமல் பிடித்துக்கொண்டால், எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். சிறிய பேழையில் அவ்வளவு நுட்பமாகக் கடைப்பிடித்த விதியை, அது பலமடங்கு முக்கியமாகிற பெரிய பொருளில் ஏன் கைவிட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. அகலமான பலகை வளைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் செய்வதுதான் இது.

மற்றபடி பெட்டகத்தில் அக்கறை தெரிகிறது. மூடியைத் தாங்கும் தாங்கி எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறது. சடாரென விழுந்து விரலை நசுக்காது. தானே பூட்டிக்கொள்ளும் பூட்டைப் பொருத்த அவர் மறுத்துவிட்டார், அது முற்றிலும் சரி. அமெரிக்காவில் லேன் நிறுவனம் 1912 முதல் 1987 வரை செய்த பெட்டகங்களில், மூடியவுடன் தானாகப் பூட்டி உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டுகள் இருந்தன. குழந்தைகள் உள்ளே சிக்கி மூச்சுத்திணறி இறந்ததால், 1.2 கோடிப் பெட்டகங்களின் பூட்டுகளை மாற்றும் அறிவிப்பு 1996இல் வெளியாயிற்று. குழந்தை நுழையக்கூடிய அளவுள்ள எந்தப் பெட்டகத்துக்கும் இந்தக் கேள்வி முதற்கேள்வியாக இருக்க வேண்டும். எனது பெட்டகத்தில் வெளியிலிருந்து மாட்டும் ஒரு கொக்கி மட்டுமே உண்டு; பின்புறத்தில் மூடிக்கும் உடலுக்கும் இடையே காற்று நுழையும் இடைவெளியும் விட்டிருக்கிறார்.

இழுப்பறை ஈரமான பருவத்தில் சற்றே இறுகியது, ஆனால் நிற்கவில்லை. ஓடும் விளிம்புகளில் மெழுகைத் தேய்த்ததும் சரியாயிற்று. அதன் முன்பக்கத்தில் பற்கள் வெளியே தெரியாதபடி பாதியில் நிறுத்திய புறாவால் இணைப்புகள். பின்பக்கத்தில் முழுதும் தெரியும் இணைப்புகள். யாரும் பார்க்காத அந்தப் பின்பக்கத்திலும் வேலை அதே தரம்.

விரிசலைப் படமெடுத்து அனுப்பியபோது அவர் வாதாடவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை. மூடியை எடுத்துச் சென்று, குறுக்குக்கட்டைகளைப் பெயர்த்து, விரிசலை ஒட்டி, கட்டைகளைப் பசையில்லாமல் மறுபடி பொருத்தினார். இம்முறை நடுத்திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை; ஓரத் திருகாணிகளுக்கு நீண்ட துளைகள். மூடி நடுவிலிருந்து இரு பக்கமும் விரியவும் சுருங்கவும் இப்போது வழியிருக்கிறது. ஒட்டிய கோடு சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது.

இவரிடம் பேழை கேட்பவர்கள் உள்துணியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மற்றதை அவர் கையில் விடலாம். பெட்டகம் கேட்பவர்கள், மூடியையும் பக்கங்களைப்போலவே சட்டமும் மிதக்கும் பலகையுமாகச் செய்ய வேண்டும் என்றோ, குறுக்குக்கட்டைகளுக்கு நீண்ட துளைகள் வேண்டும் என்றோ தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காத்திருக்கும் காலம் நீளமானது; அவர் ஒரே நேரத்தில் ஒரு பெரிய பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறார், பலகைகளைப் பட்டறைக்குள் கொண்டுவந்து அடுக்கி ஈரப்பதம் நிலைத்த பிறகே அறுக்கத் தொடங்குகிறார். குறிப்பிட்ட நாளுக்குள் பரிசளிக்க வேண்டியவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.