மன்னார்க் கரையில் பறவை எண்ணுதல்: பல மாரிகளின் அனுபவம்

பல வருடங்களாக மாரி காலத்தில் மன்னார்ப் பக்கம் நீர்ப்பறவை எண்ணப் போகிறேன். கூடவே பறவைகளைப் பதிகிற ஈபேர்ட் செயலியில், இதுவரை பார்த்த பறவை இனங்களின் வாழ்நாள் பட்டியலும் வைத்திருக்கிறேன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் எண்ணுவதுதான் என்பேன்.

பட்டியல் ஆளை உள்ளே இழுக்கும், அதில் சந்தேகமில்லை. தொடக்கத்தில் போகிற குளமெல்லாம் புதுப் பறவைதான். வங்காலையில் பூநாரை, கட்டுக்கரைக் குளத்தில் ஊசிவால் வாத்து என்று எண் கிடுகிடுவென ஏறும். பிறகு நின்றுவிடும். புதிதாக ஒன்றைச் சேர்க்கத் தெற்கே சிங்கராஜா மழைக்காடு வரை போக வேண்டிவரும். அந்தக் கட்டத்தில் சலித்துப்போய் விட்டவர்களை எனக்குத் தெரியும். எண்ணுகிறவருக்கோ போன வருடம் பார்த்த அதே பறவையே போதும். இந்தத் தையில் எத்தனை வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் மனம் அடித்துக்கொள்ளும்.

இப்படி எண்ணுகிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஓர் இனத்தின் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அல்லது எல்லாமாக 20,000 நீர்ப்பறவைகள் ஓரிடத்துக்கு வழக்கமாக வந்தால், அதைச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகக் கருத, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சாசனத்தில் இடமுண்டு. வங்காலை 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. யாரோ சேற்றங்கரையில் நின்று எண்ணாமல் இப்படிப்பட்ட அளவுகோலுக்கு எண் எங்கிருந்து வரும்?

எண்ணும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவால் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்துகொண்டு போகலாம். பாதியில் ஒரு பருந்து மேலே வந்தால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும். மறுபடி முதலில் இருந்துதான். ஆனால் அந்த நேரத்தில்தான் கருவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் வால் நுனியின் கறுப்பும் பளிச்சென்று தெரியும். தரையில் நிற்கும்போது குழப்புகிற பறவை அது.

எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் அகல வில்லையுள்ள இருகண் தொலைநோக்கி குளத்துக்குப் போதும். கடனீரேரிக்கு முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி இல்லாமல் சரிவராது. குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். உப்புக்காற்று கண்ணாடியில் படியும், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும்.

செயலியில் எனக்குப் பிடித்தது, சிக்னல் இல்லாத குளக்கட்டிலும் பதியலாம், பிறகு அனுப்பலாம் என்பது. எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டுவிடவும் அது விடுகிறது. அந்த வசதியைத் தயவுசெய்து பழக்கமாக்காதீர்கள். ‘கொஞ்சம் குறைவாக இருக்கலாம்’ என்று தோன்றினாலும் ஒரு மதிப்பீட்டை எழுதுங்கள்.

கரையில் வலை தட்டும் ஐயா ஒருவர் முன்பு, “உதுகளை எண்ணி என்ன செய்யப் போறியள் தம்பி?” என்று கேட்டார். இப்போது என்னைக் கண்டதும், “இந்தமுறை கூட்டம் தள்ளாடிப் பக்கம் நிக்குது” என்று அவரே தகவல் தருகிறார். அவர் சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் எந்தப் பறவைக்காகவும் இறங்க வேண்டாம், நடந்து பழகிய பாதையிலேயே நில்லுங்கள். விடிய முதல் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானல் அலையில் தூரத்துத் தாரா எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.