எச்சரிக்கை: ஹெல்மெட் கேமரா வீடியோவை நம்பி மரம் வெட்டக் கொடுக்காதீர்கள்

சென்னை வேளச்சேரியில் ஒரு தனி வீடு. பின்பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டி சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டு சன்ஷேடு, மறுபக்கம் மின்வாரிய சர்வீஸ் ஒயர். மரத்தை மொத்தமாகச் சாய்க்க இடமே கிடையாது. துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். 42,000 ரூபாய்க்குப் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரர், தண்டின் மூன்றாவது துண்டை இறக்கும்போதே கயிறு அறுந்து, ஏறக்குறைய 135 கிலோ கட்டையைச் சுவர்மேல் போட்டார். இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுவர் இடிந்தது, சன்ஷேடின் ஓரம் பெயர்ந்தது. கீழே கயிறு பிடித்திருந்தவர் இரண்டடி தள்ளி நின்றதால் உயிரோடு இருக்கிறார்.

"மரத்துக்குள்ளே பொக்கை, எங்க தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதே மரத்தில் ஹெல்மெட் கேமராவால் எடுத்த 40 விநாடி வீடியோ அவருடைய விளம்பரமாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் இரண்டு துண்டு அழகாக இறங்குகிறது. மூன்றாவது இல்லை.

அறுந்த கயிறு, விழுந்த கட்டை, ஒப்பந்தக்காரரிடமிருந்து பென் டிரைவில் வாங்கிய மூல வீடியோ ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, மரம் இறக்கும் தொழில் தெரிந்தவர்களாக இதை எழுதுகிறோம். பெயர் போடவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது, அதுதான் வேண்டும்.

முதலில் பொக்கை விஷயம், அதாவது மரத்துக்குள் வெற்றிடம் என்ற பேச்சு. கட்டையின் இரண்டு வெட்டுமுகமும் முழுதாக இருக்கின்றன. நடுவில் வைரம் (மரத்தின் உட்பகுதி) கெட்டியாக, கருப்பு கூட ஏறாமல் இருக்கிறது. அறுந்தது கயிறு. மரம் எங்கும் முறியவில்லை.

வேலை பேச வந்தபோது காட்டிய வீடியோவில் இருந்தவை: தண்டில் பட்டைக்கயிறு போட்டுக் கட்டிய பெரிய கப்பி, அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி விடுவதற்கான எஃகு உருளை, இரட்டைப் பின்னல் கயிறு, ரம்பத் தடுப்பு பேன்ட் போட்ட ஆட்கள். ஆனால் அதில் இருந்த மரங்கள் பைன், குளிர்ப் பகுதி மரம். ஊசியிலையைப் பார்த்த உடனே கேட்டிருக்க வேண்டும்: இந்த வேலை எந்த ஊரில் நடந்தது, இந்தக் கப்பியும் உருளையும் இப்போது உங்களிடம் இருக்கின்றனவா, கொண்டுவந்து காட்ட முடியுமா என்று. வேலையன்று வந்தவை இரண்டு செயின்சா, ஒரு ஏணி, மஞ்சள் நிறக் கயிறு ஒரு சுருள். கப்பி கிடையாது, உருளை கிடையாது.

கப்பி இல்லாததால் கயிற்றை ஒரு கவையில் (கிளை பிரியும் இடத்தில்) போட்டு இறக்கினார்கள். சின்னக் கிளைகளைக் கவையில் கயிறு போட்டு இறக்குவது காலங்காலமாக நடப்பது, அதில் தவறு இல்லை. தண்டுக்கட்டைக்கு அது ஆகாது. கப்பியில் ஓடும் கயிறு அடி வாங்கும்போது, கட்டையிலிருந்து அடிமரம் வரைக்கும் உள்ள முழு நீளமும் சேர்ந்து கொஞ்சம் நீண்டு கொடுக்கும். கவையில் உரசல் அதிகம் என்பதால் தரைப்பக்கக் கயிறு அசைவதற்கு முன்பே, கட்டைக்கும் கவைக்கும் இடையில் இருக்கும் ஒன்றரை மீட்டர் கயிறு முழு அடியையும் தனியாக வாங்கிவிடும். அதோடு கவையின் பட்டைமேல் அதே இடம் திரும்பத் திரும்பத் தேயும்.

கயிறு வாங்கும் அடி எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பச்சை மரத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57 ஆல் வகுத்தால் கன அளவு வரும். இந்தக் கட்டையின் சுற்றளவு 1.25 மீட்டர், நீளம் 1.2 மீட்டர். கன அளவு 0.15 கன மீட்டர், எடை சுமார் 135 கிலோ. அறுத்துத் தள்ளியதும் அது ஒன்றரை மீட்டர் விழுந்துதான் கயிறு விறைக்கிறது. விறைத்தபின் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே இருப்பவர் கயிற்றை ஓடவிட்டு, 3 மீட்டர் தூரத்தில் மெதுவாகப் பிடித்து நிறுத்தினால் கயிற்றில் வரும் சராசரி இழுவை கட்டையின் எடையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 200 கிலோ. கயிற்றை இறுக்கிப் பிடித்து 18 சென்டிமீட்டரில் நிறுத்தினால் ஒன்பது மடங்குக்கு மேல், 1,250 கிலோ. உச்சத்தில் இன்னும் கூடுதல். கப்பி போட்டிருந்தால் அதைக் கட்டிய இடத்தில் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும், ஏனென்றால் கயிற்றின் இரண்டு பக்கமும் அதைக் கீழே இழுக்கின்றன. ஆகவே நல்ல சாமான் இருந்தும் ஓடவிடத் தெரியாத ஆளைக் கீழே நிறுத்தினால் ஆபத்து குறையாது.

இந்த 18 சென்டிமீட்டர் நாங்கள் ஊகித்த எண் அல்ல. அவருடைய வீடியோவிலேயே இருக்கிறது. அது விநாடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் எடுத்தது. மூல வீடியோவில் இரண்டாவது துண்டு ஏறக்குறைய அதே அளவு. தண்டைவிட்டு அது பிரிவதிலிருந்து கயிறு விறைப்பது வரை 33 பிரேம். 0.55 விநாடி, அதாவது ஒன்றரை மீட்டர் வீழ்ச்சி. அந்த நேரத்தில் கட்டையின் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். விறைத்ததிலிருந்து கட்டை நிற்பது வரை 4 பிரேம்தான். சராசரி வேகம் 2.7 மீட்டர், நேரம் 0.067 விநாடி, தூரம் 18 சென்டிமீட்டர். விளம்பரத்தில் பார்ப்பவர்களுக்கு அழகாகத் தெரியும் அந்த நிறுத்தம்தான் கயிற்றைக் கெடுத்தது. அடுத்த துண்டில் அது போய்விட்டது. வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணிப் பாருங்கள். போனிலேயே செய்யலாம். கட்டை வெடுக்கென்று நின்று ஊசலாடினால் அந்தக் குழுவுக்கு ஓடவிடத் தெரியவில்லை. வழுக்கிக்கொண்டே போய்த் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நின்றால் தெரிந்த ஆள் கீழே நிற்கிறார்.

கயிற்றை வீட்டுக்காரருக்கு "நைலான்" என்று சொல்லியிருக்கிறார்கள். நம் கடைகளில் எல்லாப் பிளாஸ்டிக் கயிற்றையும் நைலான் என்றுதான் சொல்வார்கள். ஒரு முழம் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். இது மிதந்தது. பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி அளவிலேயே உருகும், பாலியெஸ்டருக்கு 250க்கு மேல் வேண்டும். அறுந்த முனையைக் கையில் எடுத்தால் பாதி இழைகள் பஞ்சு மாதிரி பிரிந்திருக்கின்றன, மீதி இழைகள் கண்ணாடி போலப் பளபளத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பட்டையில் உரசிய சூட்டில் உருகிய தடம் அது. வெயிலிலும் இந்தக் கயிறு சீக்கிரம் கெடும். விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்ந்தால் அதைத் துணி காயப்போடக்கூட நம்ப வேண்டாம்.

18 மி.மீ. தடிமனில் இந்த வகைப் புதுக் கயிறு சுமார் 4 டன் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது நேராக, மெதுவாக இழுத்துப் பார்த்த எண். முடிச்சுப் போட்ட உடனே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். அதனால்தான் இந்தத் தொழிலில் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலை எடை என்று எடுப்பது. அந்த மஞ்சள் கயிற்றுக்கு அது 400 கிலோ. நல்ல தயாரிப்பில் 16 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் 7 டன் தாங்கும், வேலை எடை 700. இரண்டுமே 1,250க்குக் கீழேதான். எனவே "கயிறு மாற்றிவிட்டோம்" என்று சொன்னால் போதாது, துண்டைச் சின்னதாக்க வேண்டும். நீளத்தைப் பாதியாக்கினால் எடை பாதி, விழும் தூரமும் ஏறக்குறைய பாதி, மொத்த அடி கால்வாசி. 1.2 மீட்டருக்குப் பதில் 60 சென்டிமீட்டராக அறுத்திருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

கீழே கயிறு பிடித்தவர் பக்கத்து மரத்தில் ஒரே ஒரு சுற்றுப் போட்டு, மீதியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் சுற்றவே கூடாது, விரல் போகும். எஃகு உருளையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 200 கிலோவுக்கு மூன்று சுற்றுப் போட்டால் கையில் 7, 8 கிலோதான் வரும், ஓடவிடலாம், பிடிக்கலாம். ஒரு சுற்றோடு நிற்பவரால் நிதானமாக ஓடவிட முடியாது. பயந்து கெட்டியாகத்தான் பிடிப்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவரை அங்கே அப்படி நிறுத்தியவரைத்தான் சொல்கிறோம்.

கட்டையில் போட்டிருந்ததும் ஒற்றைச் சுருக்கு. தண்டுக்கட்டைக்கு இரண்டு இடத்தில் பிடி வேண்டும்: வெட்டுக்குச் சற்று மேலே ஓர் அரை முடிச்சு, அதற்கு ஓரடி மேலே ஓடும் பவுலைன் (இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு). ஒன்று நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும்.

இனி கேமரா. ஹெல்மெட் கேமராவின் லென்ஸ் மிக அகலமானது. மூன்றடி தூரத்துச் சுவர் பத்தடி தள்ளி இருப்பது போலத் தெரியும். "பாருங்க, எவ்வளவு இடம் விட்டு இறக்கியிருக்கோம்" என்ற பேச்சுக்கு அந்தப் படம் சாட்சி ஆகாது. கீழே எத்தனை சுற்று, யார் எங்கே நிற்கிறார் என்பதும் அதில் வராது. ஆகவே முன்பு செய்த வேலையின் வீடியோ கேட்டால், தரையில் முக்காலியில் வைத்து வெட்டாமல் எடுத்த ஒன்றையும் கேளுங்கள்.

கோப்பின் பெயரையும் பாருங்கள். கோப்ரோ கேமரா நீளமான பதிவைத் தானே பல துண்டாகப் பிரித்து எழுதும். ஜிஎக்ஸ் என்ற இரண்டெழுத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் துண்டின் வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் பதிவின் எண். வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பென் டிரைவில் 010047 இருக்கிறது, 030047 இருக்கிறது. 020047 இல்லை. முதலாவது கோப்பு முடியும்போது மரத்தின் மூன்றாவது துண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 03 தொடங்கும்போது சுவர் இடிந்து கிடக்கிறது. கேமரா நடுவில் ஒன்றை விட்டுவிட்டு எழுதாது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஏறுபவரின் தலையில் கேமரா மாட்டுவதிலும் கவனம் வேண்டும். பசை ஒட்டும் தகட்டை ஹெல்மெட் ஓட்டில் ஒட்டினால் ஓடு கெடலாம், தயாரிப்பாளர் அனுமதித்த பிடிப்பான் மட்டுமே சரி. மெல்லிய கயிற்றால் அதைக் கட்டிவைக்க வேண்டும். கிளையில் மாட்டினால் அறுந்து கழுத்தை விடுவிக்கும் அளவு மெல்லியதாக, கேமரா தானாகக் கழன்றால் தாங்கும் அளவு கெட்டியாக. 12 மீட்டரிலிருந்து விழும் கேமரா மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் கீழே இருப்பவர் தலைக்கு வரும்.

இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: அறுந்த கயிற்றின் இரண்டு முனையையும் வெட்டாமல், வெயில் படாமல் சாக்கில் கட்டி வையுங்கள். கட்டையை விறகுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வெட்டுமுகத்தையும் அளவு நாடாவோடு படம் எடுங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்காமல் மூலக் கோப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்தால் சுருங்கிவிடும், பதிவு விவரமும் போய்விடும். மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்க பாரதிய சாட்சிய அதிநியம் 2023இன் 63ஆவது பிரிவில் சொன்ன சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கேட்கப்படும். எனவே கோப்பு கைக்கு வந்த அன்றே அந்த எண்ணை எடுத்து வைத்துவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

வேலை கொடுக்கும் முன்பே தாளில் எழுதி வாங்க வேண்டியவை: துண்டின் அதிகபட்ச நீளம், கயிற்றின் வகையும் தடிமனும், கப்பியும் உருளையும் வருமா, ஷேக்கிளில் (கயிறு, கப்பியை இணைக்கும் உலோக வளையம்) வேலை எடை பொறித்திருக்கிறதா, சர்வீஸ் ஒயரை மின்வாரியம் துண்டித்த பிறகுதான் ஏறுவார்களா, சுவர் இடிந்தால் யார் கட்டித் தருவது, வேலையைப் படம் எடுத்தால் வீடியோவின் எல்லாத் துண்டும் அன்று மாலையே வீட்டுக்காரருக்கு வருமா. வேளச்சேரி வீட்டில் இவற்றில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. இருப்பது முன்பணத்துக்கான ஜிபே ரசீது, சாக்கில் கயிறு, 02 இல்லாத பென் டிரைவ். பாதி வெட்டிய தண்டு இன்னும் சர்வீஸ் ஒயர் பக்கமாகவே நிற்கிறது.