பெட்டியில் 500 கிலோன்னு போட்டிருந்தா உடனே காசைக் கொடுத்துடாதீங்க

காங்கேயம் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே குடோன். வாரம் ஒரு லோடு இறங்கும். அதில் 120 மூட்டையாவது மாடிக்குப் போகணும். மூட்டை 50 கிலோ. லோடுமேன்கள் கிடைப்பது அருமையாகிவிட்டதால் போன வருஷம் மூட்டையைக் கொக்கியில் மாட்டி மேலே தூக்கும், கரண்டில் ஓடும் ஹாய்ஸ்ட் மெஷின் ஒன்று போட்டுவிடலாம் என்று கோயம்புத்தூர் போனேன். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை கிலோங்க தூக்கணும்?" ஒரு தடவைக்கு ஆறு மூட்டை, 300 கிலோ என்றேன். சிவப்புப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். பெரிய எழுத்தில் 500 கிலோ. "இது அசால்ட்டா தூக்குமுங்க. சிங்கிள் ஃபேஸ்தான், மிக்ஸி மாதிரி சொருகினா போதும். மோட்டாருக்குள்ள சுத்தின கம்பி முழுசும் காப்பர்." 16,500 ரூபாய் கொடுத்தேன். பில்லில் 'மினி ஹாய்ஸ்ட் 1' என்று மட்டும் எழுதியிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது லோடு இறக்கிய அன்று, சாயங்காலம் ஐந்தரை மணி. சுற்றிலும் தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரம். ஒன்பதாவது தூக்கு. மூட்டைகள் பாதி உயரம் போனதும் நின்றுவிட்டன. பட்டனை அழுத்தினால் 'உம்ம்ம்' என்று முனகுகிறதே தவிர அசையவில்லை. ரெண்டாவது தடவை அழுத்தியதும் வார்னிஷ் கருகும் வாசனை, அப்புறம் புகை. பிரேக் பிடித்துக்கொண்டதால் மூட்டைகள் கீழே விழவில்லை, அது எங்கள் நல்ல நேரம். 300 கிலோ அந்தரத்தில் தொங்க, பக்கத்துப் பட்டறையில் போய் கைச் சங்கிலி செயின் பிளாக் கடன் வாங்கி வந்து, அதில் மாட்டி இறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆச்சு.

கடைக்குப் போன் போட்டேன். "எத்தனை தடவைங்க தூக்குனீங்க? நடுவுல ரெஸ்ட் கொடுக்கணுமுங்க. ஓவர்லோடு, லோ வோல்டேஜ் எல்லாம் வாரண்டில வராது" என்றார். ரெஸ்ட் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

கருகின மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் அண்ணனிடம் தூக்கிப் போனேன். பிரிப்பதற்கு முன்பே ஓரத்தில் இருந்த சின்னத் தகட்டைத் துடைத்துக் காட்டினார். '250/500 கிலோ, எஸ்3 20% 10 நிமிடம்.' அதாவது ஒற்றைக் கம்பியில் 250 கிலோதான். 500 என்பது கூட வரும் கப்பியை மாட்டி ரெட்டைக் கம்பியாக்கினால். அப்போது வேகமும் பாதியாகிவிடும், நிமிஷத்துக்கு 5 மீட்டர். எஸ்3 என்றால் விட்டு விட்டுத்தான் ஓட்டணும். 20% என்றால் பத்து நிமிஷத்தில் ரெண்டு நிமிஷம் ஓடலாம், மீதி எட்டு நிமிஷம் ஆறணும்.

என் கணக்கு என்ன? நான் ஓட்டியது ரெட்டைக் கம்பியில். 4 மீட்டர் ஏற 48 நொடி, வெறும் கொக்கி இறங்க இன்னொரு 48. மூட்டையைக் கட்டி அவிழ்க்க ஒரு நிமிஷம். பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் மோட்டார் ஓடியிருக்கிறது. மூன்று மடங்கு வேலை. அது எப்படிங்க தாங்கும்?

அண்ணன் அடுத்து, கரண்ட், வோல்டேஜ் அளக்கும் டாங் டெஸ்டரோடு என் கடைக்கே வந்தார். பிளக்கில் 205 வோல்ட். நான் போட்டிருந்தது 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். மோட்டார் கிளம்புகிற நொடியில் நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த ஒயரிலேயே 20 வோல்ட் போய்விடும் என்றார். ஆக மோட்டாருக்குக் கிடைப்பது 180 சொச்சம். வோல்டேஜ் குறைந்தால் இழுவை அதே அளவுக்குக் குறையாதாம், வர்க்கக் கணக்கில் குறையுமாம். 230க்குச் செய்த மோட்டார் 180இல் அறுபது சதவீதம்தான் இழுக்கும். ஒயர் விஷயத்தில் தப்பு என்னுடையது. ஆனால் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசியில் கருகாத ஓரத்தில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினார். செம்பு நிறப் பூச்சுக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்.

இதையும் சொன்னேன். "வியாபாரத்துக்கு வாங்குனது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுங்க" என்று சிரித்தார் கடைக்காரர். அது முழு உண்மை இல்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும், நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். என்னை மடக்கியது அந்தப் பில்தான். மாடல் இல்லை, காப்பர் என்ற வார்த்தை இல்லை. எதை வைத்து வாதாடுவது?

இப்போது த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கி, செயின் ஹாய்ஸ்ட் போட்டிருக்கிறேன். இதை விற்ற புதுக் கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் எத்தனை உயரம், மணிக்கு எத்தனை தூக்கு, தொடர்ந்து எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நிமிஷத்துக்கு 8 மீட்டர், 50% டியூட்டி (அதாவது பாதி நேரம் ஓடலாம்), மணிக்கு 300 தடவை ஸ்டார்ட் தாங்கும். விலை மூணு மடங்குக்கு மேல். எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொன்னேன், முணுமுணுக்காமல் எழுதினார்.

ஒரு விஷயம், த்ரீ ஃபேஸ் போடுபவர்களுக்கு. முதல் நாள் ஏற்றும் பட்டனை அழுத்தினால் கொக்கி இறங்கியது. மூணு ஃபேஸ் ஒயரின் வரிசை மாறியிருந்தது. மெயின் பக்கம் ரெண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரி. சில எலக்ட்ரீஷியன்கள் பட்டன் பெட்டிக்குள் ஒயரை மாற்றிவிட்டுப் போவார்கள், விடாதீங்க. அப்படிச் செய்தால் கொக்கி மேலே போய் இடிக்கும்போது, அதைத் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வேலை செய்யாது. லைனில் ஈ.பி.காரர்கள் வேலை பார்த்துவிட்டுப் போனாலும் வெறும் கொக்கியை ஒரு தடவை ஏற்றிப் பார்த்துக்கோங்க.

பழைய ஹாய்ஸ்ட்டைப் போன மாசம் பழைய இரும்புக் கடையில் போட்டேன். காப்பர்னு சொல்லித்தான் விற்றாங்க என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். அவர் சாவியால் ஒரு கீறு கீறினார், அலுமினிய விலை போட்டுக் கொடுத்தார்.